நாற்பத்தோராவது கப்பல்

என் சித்தப்பா மகனுக்கு அவன் ஆபீசில் வைத்த பெயர் ‘நிறுத்து’. கூட வேலை பார்ப்பவர் ஒருவர் ஒருநாள் அவன் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து டிவி பார்த்துவிட்டு வந்து வைத்தது. ரிமோட் அவன் மனைவி கையில் இருக்கும். இவன் டிவிக்கு ஒரு முழம் தள்ளித் தரையில் மண்டி போட்டிருப்பான்.

“நிறுத்து. கொஞ்சம் பின்னாடி. இன்னும் கொஞ்சம். நிறுத்து! ஐயோ, தாண்டிடுச்சே. நிறுத்துன்னு சொன்னேன்ல?”

அவளும் சளைத்தவள் இல்லை. “கல்யாணத்தன்னிக்கு நான் சொல்லியிருக்கணும் அந்த வார்த்தைய. அப்ப வாயடைச்சுப் போச்சு” என்பாள். தையல்காரி. ஒரு கையில் ரிமோட்டும் மறு கையில் ஊசியுமாக இருந்தாலும் தையல் கோணாது.

அவன் வேலை தண்ணீர் மீட்டர் கணக்கெடுப்பது. தோளில் பை, கையில் மூடியைத் தூக்கும் கொக்கி. வீடு வீடாகப் போய்க் குனிந்து, கண்ணாடியில் ஒட்டிய மண்ணைக் கட்டைவிரலால் துடைத்து, எண்ணைக் குறித்துக்கொண்டு வருவான். பதினெட்டு வருஷத்தில் அவன் எழுதிய எண் தப்பு என்று ஒரே ஒரு புகார் வந்தது. போய்ப் பார்த்தால் மீட்டர்தான் தப்பு. என் போர்டு எழுதும் பட்டறைக்கும் அவன்தான் வருவான். அண்ணன் கடை என்று ஒரு எண்ணைக் கூடத் தள்ளிப் போட்டதில்லை. கணக்கை எழுதி முடித்த பிறகுதான் பையை இறக்கி வைத்து, “அண்ணே, டீ சொல்லுங்க” என்பான்.

அவன் நிறுத்தி நிறுத்திப் பார்த்தது ஒரே ஒரு தொடரை. முப்பத்து நாலு வருஷத்துக்கு முன்னால் எங்கள் ஊர் ஓரத்து ஸ்டுடியோவில் எடுத்தது. விண்வெளியில் கப்பல் விட்டுச் சண்டை போடுகிற கதை. கதாநாயகன் கப்பலைப் பற்றி அவனுக்கு அக்கறை கிடையாது. கதாநாயகன் கண்கலங்கிப் பேசிக்கொண்டிருக்கும்போது ஜன்னலுக்கு வெளியே மங்கலாக ஒன்று போகுமே, அதுதான் அவனுக்கு வேண்டியது. அது எதில் செய்தது, யார் செய்தது, அதையே வேறு பகுதியில் தலைகீழாகத் தொங்கவிட்டு வேறு கப்பல் என்று எங்கே ஏமாற்றினார்கள் என்பதெல்லாம் அவன் நோட்டில் இருக்கும்.

கெட்டி அட்டை போட்ட நீள நோட்டு. கோடு போட்டு ஏழு கட்டம் பிரித்திருந்தான். எண், பகுதி, நிமிஷம் வினாடி, எதில் செய்தது, யார் செய்தது, ஆதாரம், குறிப்பு. ஆதாரம் இல்லாமல் ஒரு வரி ஏறாது. ஒரு கப்பலின் வயிறு சோப்பு டப்பா என்று அவனுக்குத் தோன்றினால் போதாது. அந்த வருஷத்து சோப்பு டப்பாவைப் பழைய சாமான் கடையில் தேடிப் பிடித்து, அளவுக் கோலால் அளந்து, டிவியில் நிற்கிற படத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்து, மூடியில் உள்ள கோடுகள்கூட ஒன்றுக்கொன்று சரியாக இருந்தால்தான் எழுதுவான். இப்படியே நாற்பது கப்பல். பேனா மூடி, டேப் கேசட் சக்கரம், ஊசி போடுகிற குழாய், ஷேவிங் செட்டின் பிடி, பொம்மை டாங்கியின் சக்கரம். அவன் மனைவி சொல்வாள்: “கடைல பல் தேய்க்கிற பிரஷ் வாங்கப் போனாக்கூட எந்தப் பக்கம் இன்ஜின் வரும்னு திருப்பிப் பாக்குறார். கடைக்காரர் என்னைப் பரிதாபமா பாக்குறார்.”

ஆதாரம் என்ற கட்டத்தில் பாதிக்கு மேல் ஒரே பேச்சுதான் எழுதியிருக்கும்: அண்ணன் சொன்னார்.

அந்த அண்ணன் நான். அந்தக் கப்பல்களைச் செய்த பட்டறையில் இரண்டு வருஷம் வேலை பார்த்தவன். எட்டாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டு, ஏதேதோ வேலை பார்த்து, இருபது வயதில் அங்கே பசை தடவப் போய்ச் சேர்ந்தேன். உப்புத்தாள் தேய்ப்பேன், பெயிண்ட் அடிப்பேன், மேஸ்திரி சொல்கிற இடத்தில் சொல்கிற துண்டை ஒட்டுவேன். பட்டறை மூலையில் நாலு டிரம் நிறைய ஓட்டை உடைசல் கிடக்கும். அதில் கைவிட்டால் கப்பல் வரும்.

நோட்டில் நாற்பத்தோராவது வரி மட்டும் காலியாக இருந்தது. பதினோரு வருஷமாகக் காலியாக இருந்தது. அது எதில் செய்தது என்று எனக்குத் தெரியும். அதைக் கொண்டுவந்து கொடுத்தவனே நான்தான்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. துறைமுகம் மாதிரி ஒரு காட்சி எடுக்க வேண்டியிருந்தது. நாற்பது கப்பல் வரிசையாக நிற்க வேண்டும். எல்லாவற்றையும் கம்பியில் கட்டித் தொங்கவிட்டாயிற்று. கேமராக்காரர் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, இடது மேல் மூலை வாய்ல பல் விழுந்த மாதிரி இருக்கு, இன்னொண்ணு வேணும் என்றார். மறுநாள் காலை படப்பிடிப்பு. டிரம்மைக் கவிழ்த்துப் பார்த்தால் உருப்படியாக ஒன்றும் இல்லை. மேஸ்திரி எங்களைப் பார்த்து, “வீட்ல எவன்கிட்டயாவது குழாய் மாதிரி எதாவது இருந்தா எடுத்துட்டு வாங்கடா. நல்லா வந்தா அது அவன் கப்பல்” என்றார்.

அவன் கப்பல் என்ற அந்தப் பேச்சு என்னைத் தூக்கிக்கொண்டு போயிற்று.

எங்கள் அப்பா துறைமுகத்தில் கொடி காட்டுபவராக இருந்தவர். கோபுரத்தின் மேலே நின்று கப்பல்களைப் பார்த்துக் கொடி ஏற்றி இறக்குகிற வேலை. ஓய்வு பெற்றபோது கூட வேலை பார்த்தவர்கள் சேர்ந்து ஒரு பைனாகுலர் வாங்கிக் கொடுத்தார்கள். தோல் உறை, உள்ளே சிவப்பு வெல்வெட் துணி. முன் அறை பீரோவின் மேல் தட்டில் இருக்கும். மாசம் பிறந்தால் எடுத்துத் துடைத்து, ஜன்னல் வழியே ஒரு தடவை பார்த்துவிட்டு வைத்துவிடுவார். பார்க்கக் கப்பல் இல்லை, எதிர் வீட்டுத் துணி காயப்போடுகிற கொடிதான்.

அதை எடுத்தேன். ஒரு நாள் வைத்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். உறையைக் காலியாக விட்டால் கை பட்டதுமே தெரிந்துவிடும். எடைக்கு ஏதாவது வேண்டுமே என்று பார்த்தேன். பின் அறையில் சித்தப்பா குடும்பம் இருந்தது. சித்தப்பா அப்போது சரக்குப் பெட்டி அடிக்கிற தச்சர். அவர் கட்டிலுக்கு அடியில் எப்போதும் பலகைத் துண்டு கிடக்கும். ஒரு துண்டை எடுத்து உறைக்குள் செருகினேன். கையில் எடை சரியாக இருந்தது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மேஸ்திரி பைனாகுலரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ரெண்டும் சேர்ந்திருந்தா எந்தக் குழந்தையும் பைனாகுலர்னு சொல்லிடும். அறுத்துடணும். உன்னுதுதானே?”

“என்னுதுதான்.”

“அறுக்கலாமா?”

“அறுங்க.”

ரம்பம் ஓடினது நாலு நிமிஷம்கூட இருக்காது. கண்ணாடி வில்லைகளைப் பிடுங்கினார். இரண்டு குழாயையும் ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டினார். அகலமான வாய் பின்பக்கம். அதற்குள் இரண்டு நீல பல்பு. மேலே பேனா ரீபில் துண்டுகளை ஆண்டெனாவாக நட்டது நான். சாம்பல் நிற பெயிண்ட் அடித்ததும் நான். மறுநாள் அது இடது மேல் மூலையில் தொங்கியது. சத்தியமாகச் சொல்கிறேன், நாற்பத்தொன்றிலும் அதுதான் அழகு.

மாசம் பிறந்தது. அப்பா உறையைத் திறந்தார்.

வீட்டில் எல்லாரும் இருந்தோம். அவர் பலகைத் துண்டை வெளியே எடுத்துச் சித்தப்பா முன்னால் நீட்டினார்.

“இது உன் கட்டைதானே?”

“கட்டை என்னுதுதாண்ணே. வச்சது நான் இல்லை.”

“போன வருஷம் என் வாட்ச் காணாமப் போனப்பவும் இப்படித்தான் சொன்னே. அப்புறம் யார் வித்தது?”

வாட்சை எடுத்தது சித்தப்பாதான், அது ஊருக்கே தெரியும். அப்பாவுக்கும் அவருக்கும் பதினாறு வயசு வித்தியாசம். தோளில் தூக்கி வளர்த்த தம்பி. “எடை பாத்து வச்சிருக்கான் பாரு. தொழில்காரன்” என்று மட்டும் சொல்லிவிட்டு அப்பா உள்ளே போய்விட்டார். நான் நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தேன். விரலில் பசை காய்ந்து உரிந்துகொண்டிருந்தது. வீட்டைக் காலி செய்யச் சித்தி சாமானைக் கட்டும்போது, “பாவம் ஓரிடம், பழி ஓரிடம்” என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. எனக்கு மட்டும் என்னைப் பார்த்துச் சொன்ன மாதிரியே இருந்தது.

கோபம் ஆறட்டும், ஒரு வாரம் கழித்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அப்புறம் தொடரில் அந்தப் பகுதி வந்துவிடட்டும், படத்தைக் காட்டியே சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அந்தப் பகுதியும் வந்தது. அப்பா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். இரண்டு வினாடி. அவர் பைனாகுலர் அவர் கண் முன்னால் போயிற்று. “என்னடா இத்தனை கப்பல் நிக்குது, ஒண்ணுலகூடக் கொடி இல்ல” என்றார். நான் சிரித்தேன்.

சித்தப்பா ஒரு ஏழு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டுகிற வேலைக்குப் போனார். மொட்டை மாடியில் லிஃப்ட் மோட்டார் இருக்கிற அறைக்குப் பக்கத்து அறை வேலையோடு சேர்ந்து கிடைத்தது, அதனால் போனார். அவர் மகனுக்கு அப்போது ஆறு வயது. அந்த வீட்டில் டிவி இல்லை. கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு டிவி கடை இருந்தது. சாயங்காலம் கண்ணாடிக்கு வெளியே நின்று தொடரைப் பார்ப்பான். சத்தம் வெளியே கேட்காது. யார் என்ன பேசினார்கள் என்று தெரியாததால் ஜன்னலுக்கு வெளியே போகிற கப்பல்களைப் பார்த்துக்கொண்டிருந்தானாம். “எங்க அண்ணன் செஞ்சதுன்னு பக்கத்துல நிக்கிறவங்ககிட்டல்லாம் சொல்லுவேன். யாரும் நம்ப மாட்டாங்க. நல்லாப் பாக்குறதுக்குள்ள போயிடும். நிறுத்தச் சொல்லவா முடியும்?” என்று ஒருநாள் டீ குடிக்கும்போது சொன்னான்.

எங்கள் அப்பா இறந்தபோதுதான் இரண்டு குடும்பமும் மறுபடி பேசிக்கொண்டது. அதற்கப்புறம் தம்பி என்னைத் தேடி வர ஆரம்பித்தான். பெரியவன் ஆகி, வேலைக்குப் போய், கல்யாணம் முடித்து, பழைய தொடரின் வட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டு, நோட்டோடு வந்தான்.

நாற்பத்தொன்றின் மங்கல் படத்தை அவன் முதன்முதலாக என் முன் வைத்தபோது நான் செய்ததை என்னவென்று சொல்வது! “ஷாம்பு பாட்டிலா இருக்கும்” என்றேன். ஆறு மாசம் ஷாம்பு பாட்டில் தேடினான். அடுத்து வந்தபோது “தெர்மாஸ் மூடி பாரு” என்றேன். அதற்கடுத்து “டார்ச் லைட்டு. ரெட்டை டார்ச் லைட்டு. எனக்கு இப்பதான் ஞாபகம் வருது” என்றேன். அவன் ஞாயிற்றுக்கிழமையெல்லாம் பழைய சாமான் கடைகளில் உட்கார்ந்து டார்ச் லைட் பொறுக்கினான். அவன் வீட்டில் பதினேழு டார்ச் லைட் இருக்கிறது. கரண்ட் போனால் அந்தத் தெருவுக்கே வெளிச்சம் அவன் வீட்டிலிருந்துதான். ஒன்றை வாங்கும்போதுகூட என்னைச் சந்தேகப்படவில்லை. அண்ணன் சொன்னார் என்று வாங்கினான்.

ஒரு தடவை எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதையாக, “அது ஒண்ணும் பைனாகுலர் கியினாகுலர் இல்லடா” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவன் பாட்டுக்கு டார்ச்சைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

போன வருஷம் அந்தத் தொடரைப் பழைய பிலிமிலிருந்து மறுபடி சுத்தம் பண்ணிப் புதிதாக வெளியிட்டார்கள். ஒவ்வொரு ஆணியும் தெரிகிற அளவுக்குத் தெளிவு. அது வந்த நாலாம் நாள், காலை பதினொரு மணிக்கு, மீட்டர் பார்க்கிற நாளாக இல்லாமலே தம்பி பட்டறைக்கு வந்தான். நான் ஒரு பல் டாக்டர் போர்டுக்கு எழுத்து வெட்டிக்கொண்டிருந்தேன். பையை இறக்கக்கூட இல்லை.

“அண்ணே, முடிஞ்சுது! நாப்பத்தி ஒண்ணு முடிஞ்சுது!”

மேஜை மேல் பெரிய படம் ஒன்றைப் போட்டான். என் கப்பல். பெயிண்டுக்கு அடியில், குழாயின் ஓரத்தில், செதுக்கிய எண்கள் மேடு பள்ளமாகத் தெரிந்தன. ஏழு, ஒரு பெருக்கல் குறி, ஐம்பது.

“பைனாகுலர்ணே! அதுலதான் இந்த மாதிரி நம்பர் போடுவாங்க. ரெண்டா அறுத்து மேலயும் கீழயும் ஒட்டியிருக்காங்க. பதினேழு டார்ச் வாங்க வச்சீங்களே என்னை, இருங்க உங்களுக்கு ஒண்ணு பார்சல் கட்டித் தரேன்.” அவனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “அப்பாகிட்ட சொன்னா என்ன சொல்வாரு பாருங்க. பைனாகுலர்னாலே நம்ம குடும்பத்துக்கு ராசி இல்லை.”

நான் எழுத்து வெட்டுகிற கத்தியைக் கீழே வைத்தேன்.

அவன் நோட்டைத் திறந்து, மேஜையிலிருந்த மரத்தூளைத் தள்ளி, எழுத உட்கார்ந்தான். அடுத்த ஞாயிறு, அந்தத் தொடர்மேல் பைத்தியமாக இருக்கிற ஆட்கள் நூலக மாடியில் கூடுகிறார்கள், நாற்பத்தொன்றையும் வரிசையாக வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள், அண்ணன்தான் முன் வரிசையில் உட்கார வேண்டும், மேடைக்கும் வர வேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே எழுதினான். எதில் செய்தது: பைனாகுலர்.

“யார் செஞ்சது? அறுத்திருக்கிற நேர்த்தி மேஸ்திரி கை மாதிரி இருக்கு. மேஸ்திரின்னு போட்டுடவா?”

மேஸ்திரி போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம். அவர் வந்து இல்லை என்று சொல்லப்போவதில்லை. யாரும் சொல்லப்போவதில்லை.

“ம்” என்றேன்.

மேஸ்திரி என்று எழுதினான். அடுத்த கட்டத்துக்குப் பேனாவை நகர்த்தினான். தலையைத் தூக்காமலே, வாய்க்குள் சொல்லிக்கொண்டே எழுத ஆரம்பித்தான். “ஆதாரம்... அண்ணன்...”

“நிறுத்துடா.”

நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான். “நீங்களுமா?”

“எழுதாத. அந்த பைனாகுலர் எங்க அப்பாவோடது. நான்தான் எடுத்துட்டுப் போனேன்.”

அவன் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. போக மறந்துவிட்ட மாதிரி இருந்தது. பேனாவுக்கு மூடி போட்டான்.

“பெரியப்பாவோடதா?”

“ஆமா.”

“அந்தக் கட்டை?”

“கட்டையும் நான்தான் வச்சேன். உங்க அப்பா கட்டிலுக்கு அடியிலேர்ந்து எடுத்து வச்சேன். அவர் மேல பழி போடணும்னு இல்லடா. கைக்குக் கிடைச்சுது, வச்சேன்.”

வெளியே ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே நின்றது. தம்பி திட்டுவான் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

“பதினேழு டார்ச்சுண்ணே” என்றான்.

“தெரியும்.”

“ஒவ்வொண்ணையும் கொண்டுவந்து உங்ககிட்டதானே காட்டுனேன்? கையில வாங்கிப் பாத்து, இல்ல இது கொஞ்சம் தடிமன் ஜாஸ்தின்னு சொன்னீங்களே?”

அவன் நோட்டைப் பையில் வைத்தான். படத்தையும் சுருட்டி வைத்தான்.

“அப்பாகிட்ட நீங்க வந்து சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன். நான் சொன்னா அது கேள்விப்பட்டது. செஞ்சவர் சொன்னாதான் ஆதாரம்.”

அன்றைக்கே போனேன். தள்ளிப்போட்டால் மறுபடி முப்பது வருஷம் ஓடிவிடும் என்று எனக்கு என்னைப் பற்றித் தெரியும். அவன் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. சித்தப்பாவுக்கு எழுபத்தாறு வயது. ஜன்னல் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சித்தி படம் சுவரில் இருந்தது. என்னைப் பார்த்ததும், “வாடா போர்டுக்காரா. ஊரையே மேல ஏத்தி இறக்கினவன் நான், எனக்கு வாய்ச்ச வீட்டப் பாத்தியா? இறங்கினா ஏற முடியல, ஏறினா இறங்க முடியல” என்றார்.

தம்பி மனைவி தையல் மெஷினை நிறுத்திவிட்டு, “வாங்க மாமா, உக்காருங்க” என்றாள். டீ கொண்டுவந்து மேஜை மேல் வைத்தாள். அவளுக்கு அவன் சொல்லவில்லை என்பது அந்த ‘வாங்க’விலேயே தெரிந்தது. உட்காராமலே சொன்னேன். முதலிலிருந்து சொன்னேன். மேஸ்திரி கேட்டதும், நான் என்னுது என்று சொன்னதும், எடைக்குக் கட்டை வைத்ததும், நிலைப்படியில் நின்றதும். சொல்லி முடிக்க டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை.

சித்தப்பா தன் கால் கட்டை விரலைப் பார்த்தார்.

“வாட்ச நான்தான் எடுத்தேன்” என்றார். “அதனால என்னால சத்தமா சொல்ல முடியல. உங்கப்பன்கிட்ட மூணு தடவ போய் நான் எடுக்கலண்ணேன்னு சொன்னேன். நாலாவது தடவ போகல. வாட்ச எடுத்தவன் வாயில அந்த வார்த்தைக்கு மதிப்பு இல்லடா.”

பிறகு மகனைப் பார்த்து, “எங்க, போட்டுக் காட்டு” என்றார்.

தம்பி டிவியைப் போட்டான். சித்தப்பாவைக் கைபிடித்துக் கொண்டுவந்து திரைக்கு முன்னால் நாற்காலியில் உட்கார வைத்தான். கப்பல்கள் வரிசையாக வந்தன. இந்தத் தடவை அவன் நிறுத்து என்று சொல்லவில்லை. அவன் மனைவியே சரியான இடத்தில் நிறுத்தினாள். சித்தப்பா மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். நீல வெளிச்சம் அவர் கன்னத்தில் விழுந்தது.

“இதுக்கா?” என்றார்.

தம்பி மனைவி ரிமோட்டைக் கையிலேயே வைத்திருந்தாள்.

“சரி, ஓட்டும்மா” என்றார். படம் நகர்ந்தது. கப்பல் போய்விட்டது. அவர் திரும்பாமலே என்னிடம் கேட்டார்: “உங்கப்பன் செத்தன்னிக்கு நான் வாசல்லயே நின்னேனே, உள்ள போகலாமா வேண்டாமான்னு. நீதானே வந்து கையப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போனே? எங்கண்ணன் முகத்துக்கு நேரா என்ன நிக்க வச்சியே. அப்பவாவது காதுல சொல்லியிருக்கலாமேடா. ரகசியமா சொல்லியிருந்தாகூடப் போதுமே. நான் பாட்டுக்கு அழுதுட்டுப் போயிருப்பேனே. அன்னிக்கு எனக்கு அழக்கூடத் தைரியம் வரல. திருடன் அழறான்னு சொல்வாங்கன்னு.”

அந்த டீ மேஜை மேல் ஆறிப்போய் ஏடு கட்டியிருந்தது. நான் படி இறங்கி வந்துவிட்டேன். கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனபோது, என்னவோ பெரிய மனசு பண்ணுகிற மாதிரி நினைத்துக்கொண்டுதான் கூட்டிப் போனேன். அந்த நினைப்பின் கூச்சம் இன்னும் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நூலக மாடிக்குப் போனேன். மேடைக்குப் போகவில்லை. கூப்பிடவும் இல்லை. கடைசி வரிசையில் செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அறுபது பேர் இருப்பார்கள். சித்தப்பாவை நாலு பேர் நாற்காலியோடு தூக்கி வந்திருந்தார்கள். முன் வரிசையில், எனக்கென்று சொன்ன இடத்தில், அவர்தான் உட்கார்ந்திருந்தார். தேய்த்த சட்டை.

தம்பி நோட்டைப் பிரித்து ஒன்றிலிருந்து வாசித்தான். சோப்பு டப்பா என்றதும் கைதட்டினார்கள். கேசட் சக்கரம் என்றதும் விசில் அடித்தார்கள். ஒவ்வொரு வரியிலும் ஆதாரம் என்ற கட்டம் வந்தது. பழைய சாமான் கடையில் கிடைத்த டப்பா, ஸ்டுடியோ போட்டோ, பாதிக்கு மேல் அண்ணன் சொன்னார். அதை அவன் அடித்துத் திருத்தவில்லை. இருந்தபடியே வாசித்தான்.

கடைசி வரிக்கு வந்தான். தண்ணீர் குடித்தான்.

“எண் நாப்பத்தி ஒண்ணு. பகுதி பதிமூணு. எதில் செய்தது: ஏழுக்கு ஐம்பது பைனாகுலர். கொடி காட்டுபவராக இருந்த என் பெரியப்பாவுடையது. யார் செய்தது: மேஸ்திரியும் என் அண்ணனும். ஆதாரம்: செய்தவரே சொன்னது.”

ஒரே கைதட்டல். ஒருவர் எழுந்து நின்று தட்டினார். அது அடங்கட்டும் என்று அவன் காத்திருந்தான்.

“குறிப்பு: இதை என் அப்பா எடுக்கவில்லை.”

கூட்டத்துக்குப் புரியவில்லை. இரண்டு பேர் சிரித்தார்கள், ஏதோ சொந்தக் குடும்பத்து வேடிக்கை என்று. ஒருவர் கையைத் தூக்கி, அந்த பல்பு எத்தனை வோல்ட் என்று கேட்டார். சித்தப்பா மட்டும் நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து, சட்டையின் மேல் பித்தானைப் போட்டுக்கொண்டார். பின்னாலிருந்து எனக்கு அவர் கழுத்துதான் தெரிந்தது.

அதற்கப்புறம் ஐந்து தடவை மீட்டர் பார்க்க வந்துவிட்டான். வருவான், குனிவான், கண்ணாடியைத் துடைப்பான், எண்ணைக் குறித்துச் சீட்டைக் கிழித்து மேஜை மேல் இருக்கிற இரும்புக் கோலுக்கு அடியில் வைப்பான். பையை இறக்குவதில்லை. நான் முதல் இரண்டு தடவை டீ சொல்லி வைத்தேன். டீக்கடைக்காரர், “உங்க தம்பி குடிக்காமலே போயிட்டாரே” என்றார். மூன்றாவது தடவையிலிருந்து சொல்லவில்லை.

போன தடவை வந்தபோது வாசல் வரை போனவன் நின்றான்.

“பின்னாடி குழாய் ஒழுகுது. வாஷர் போயிடுச்சு. எண் சும்மா ஏறிட்டிருக்கு.”

“சரிடா. மாத்திடறேன்” என்றேன்.

தலையாட்டினான். கொக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு அடுத்த கடைக்குப் போனான். நான் அன்றைக்கே வாஷரை மாற்றினேன்.